கேட், டான்செட் எழுதப் போறீங்களா? கணக்குக்கு எந்தப் புத்தகம் வாங்கணும்? முழு விவரம்

டிகிரி முடிக்கப் போறோம், அடுத்து எம்.பி.ஏ. படிக்கலாம் என்று முடிவெடுக்கும் பலரையும் முதலில் தயங்க வைப்பது நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதிதான். "எந்த புக் நல்லா இருக்கும்?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்வார்கள். பெரும்பாலும் தடிமனான புத்தகமே பரிந்துரையாக வரும்.

நகரத்தில் இருப்பவருக்குத் தவறான புத்தகம் வாங்கினாலும் மாற்று வழி உண்டு. கோச்சிங் சென்டர் இருக்கும், பெரிய புத்தகக் கடை இருக்கும். நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் உள்ள நெல்லியாளம் போன்ற ஊரில் நிலைமை வேறு. இது தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நகராட்சி. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டதுதான் டான்டீ எனப்படும் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம். அந்தக் குடும்பங்களின் மூன்றாவது, நான்காவது தலைமுறைப் பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். கொழுந்து பறிக்கும் கூலியில் இருந்து வாங்கும் புத்தகம் அலமாரியில் தூங்கினால் நஷ்டம் பணத்தோடு முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்வுக்கான நேரமும் சேர்ந்து போகும்.

அப்படியானால் சரியான புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே 'பெஸ்ட்' புத்தகம் கிடையாது. எந்தத் தேர்வு, உங்கள் கணக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் புத்தகம் தானாக முடிவாகிவிடும்.

முதல் கேள்வி: எந்தத் தேர்வு?

கடையில் போய் "கேட் புக் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், இன்ஜினீயரிங் மேற்படிப்புக்கான இன்னொரு 'கேட்' தேர்வுப் புத்தகம் கைக்கு வரலாம். எனவே "எம்.பி.ஏ.வுக்கான கேட்" என்று தெளிவாகக் கேளுங்கள். அதற்கு முன்னால், எழுதப் போவது எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்யுங்கள்.

கேட்: ஐஐஎம்களில் சேர்வதற்கான தேர்வு. ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் கணினித் தேர்வு. 2020 முதல் மொத்த நேரம் 2 மணி. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். 2021 முதல் கணக்குப் பகுதியில் 22 கேள்விகள் வருகின்றன. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் இல்லை. திரையிலேயே சாதாரண கால்குலேட்டர் இருக்கும். 2024-ல் நவம்பர் 24, 2025-ல் நவம்பர் 30 என நவம்பரின் கடைசி ஞாயிறன்று தேர்வு நடந்தது.

டான்செட்: அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் மற்றும் தனியார் கல்லூரிகளின் எம்.பி.ஏ. இடங்களுக்கான கலந்தாய்வுக்கு இந்த மதிப்பெண் வேண்டும். எம்.பி.ஏ. தாளில் 100 கேள்விகள், 2 மணி நேரம். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். கணக்குப் பகுதி ஒன்று, 'டேட்டா சஃபிஷியன்சி' பகுதி ஒன்று என இரண்டு இடங்களில் கணக்கு வரும். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் மார்ச்சில் நடந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிமேட்: தேசியத் தேர்வு முகமை நடத்துவது. 100 கேள்விகள், 3 மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். ஐந்து பகுதிகளில் ஒன்று கணக்கும் தரவு விளக்கமும். அதில் 20 கேள்விகள்.

இந்த எண்களைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். கேட் தேர்வில் ஒரு கணக்குக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்று அதிகம் கிடைக்கிறது. டான்செட்டில் ஒரு கேள்விக்கு 72 விநாடிதான். கேட் கேள்விகள் எண்ணிக்கையில் குறைவு, ஆழம் அதிகம். டான்செட்டில் கேள்விகள் நேரடியானவை, ஆனால் கை வேகமாக ஓட வேண்டும். ஒன்றுக்கு எழுதப்பட்ட புத்தகம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது கேள்வி: உங்கள் கணக்கு எந்த நிலையில் இருக்கு?

புத்தகம் வாங்கும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். போனில் டைமர் போட்டுக்கொண்டு, பேப்பரில் இந்த ஆறு கணக்குகளையும் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

1. பச்சைத் தேயிலை விலை 20% குறைகிறது. அடுத்த மாதம் அந்தக் குறைந்த விலையில் இருந்து 25% ஏறுகிறது. முதலில் இருந்த விலையோடு ஒப்பிட்டால் இப்போது எவ்வளவு வித்தியாசம்?

2. 12 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை, அதே வேகத்தில் 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

3. பஸ் ஒன்று மலை ஏறும்போது மணிக்கு 20 கிலோமீட்டர், அதே பாதையில் இறங்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

4. 7-இன் அடுக்கு 100. இந்த எண்ணை 5-ஆல் வகுத்தால் மீதி என்ன?

5. ஒரு எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 3. அந்த எண்ணின் வர்க்கத்தையும் தலைகீழியின் வர்க்கத்தையும் கூட்டினால் எவ்வளவு?

6. 5 ஆண்கள், 4 பெண்கள் உள்ள குழுவில் இருந்து 3 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றால் எத்தனை வழிகள்?

விடைகளைச் சரிபார்க்கலாம்.

முதல் கணக்கில் வித்தியாசமே இல்லை. 100 ரூபாய் 80 ஆகி, 80-இல் 25% ஆன 20 ஏறி மறுபடி 100 ஆகிறது. '5% ஏறியது' என்று எழுதியிருந்தால், சதவீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதில் குழப்பம் இருக்கிறது.

இரண்டாவது 8 நாள். மொத்தம் 120 ஆள் நாள், அதை 15-ஆல் வகுக்க வேண்டும்.

மூன்றாவது 24. பலரும் 25 என்று எழுதுவார்கள். பாதை 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏற 3 மணி, இறங்க 2 மணி. 120 கிலோமீட்டரை 5 மணியில் கடந்தால் 24. குறைந்த வேகத்தில் அதிக நேரம் போவதால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது.

நான்காவது 1. ஏழின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று சுற்றி வரும். 100 நான்கால் வகுபடும் என்பதால் கடைசி இலக்கம் 1. அதை 5-ஆல் வகுத்தால் மீதி 1.

ஐந்தாவது 7. கூடுதலை வர்க்கமாக்கினால் 9. அதில் நடுவில் வரும் 2-ஐக் கழித்தால் 7. அந்த எண் எது என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை.

ஆறாவது 74. மொத்தம் 84 வழிகள். அதில் மூவரும் ஆண்களாக இருக்கும் 10 வழிகளைக் கழித்தால் போதும்.

இப்போது உங்கள் இடத்தைப் பாருங்கள்.

* இரண்டு அல்லது அதற்குக் குறைவாகச் சரி: இப்போதைக்கு எந்த கைடும் வாங்க வேண்டாம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருந்து தொடங்குங்கள்.
* மூன்று அல்லது நான்கு சரி: அடிப்படைக் கணக்குப் புத்தகம் ஒன்று போதும்.
* ஐந்து அல்லது ஆறு சரி: நேராகத் தேர்வு நிலைப் புத்தகத்துக்குப் போகலாம்.

சரியாக வந்தும் 10 நிமிடத்துக்கு மேல் ஆனதா? அறிவு இருக்கிறது, வேகம் இல்லை என்று அர்த்தம். அதற்குப் புதுப் புத்தகம் தீர்வில்லை, நேரம் வைத்துச் செய்யும் பயிற்சிதான் தீர்வு.

காசே இல்லாமல் கிடைக்கும் முதல் கைடு

"பத்தாம் வகுப்பு புக்கை வச்சு ஐஐஎம் தேர்வா?" என்று தோன்றலாம். ஆனால் கேட் கணக்குப் பகுதிக்குத் தேவையான அடிப்படை பெரும்பாலும் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. கால்குலஸ் கேட்பதில்லை. தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகங்களில் எதை எங்கே பார்ப்பது?

* 8-ம் வகுப்பு, 'வாழ்வியல் கணிதம்': சதவீதம், லாப நஷ்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி, காலமும் வேலையும். டான்செட், சிமேட் இரண்டுக்கும் இதுதான் முதுகெலும்பு.
* 9-ம் வகுப்பு: மெய்யெண்கள், இயற்கணிதம், அளவியல்.
* 10-ம் வகுப்பு, 'எண்களும் தொடர்வரிசைகளும்': மேலே பார்த்த நான்காவது கணக்கின் அடிப்படை இங்கே இருக்கிறது. கூட்டுத்தொடர், பெருக்குத்தொடரும் இங்கேதான்.
* 10-ம் வகுப்பு, 'இயற்கணிதம்': இருபடிச் சமன்பாடுகள். கேட் தேர்வில் அடிக்கடி வரும் பகுதி.
* 11-ம் வகுப்பு கணிதம், 'அடிப்படை இயற்கணிதம்': அசமன்பாடுகளும் மடக்கையும், அதாவது லாக்.
* 11-ம் வகுப்பு வணிகக் கணிதம்: வரிசை மாற்றங்கள், சேர்வுகள். மேலே உள்ள ஆறாவது கணக்கு இந்த வகை.

இந்தப் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் என இரண்டு வழிகளிலும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் அதன் பிறகு நெட் தேவையில்லை. வீட்டில் தம்பி, தங்கச்சி படிக்கும் புத்தகம் இருந்தால் அதுவே போதும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது

தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால், கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் போவது உண்டு. 'விகிதம்' தெரியும், 'ரேஷியோ' என்று வந்தால் ஒரு விநாடி யோசிக்க வேண்டியிருக்கும். 72 விநாடியில் அந்த ஒரு விநாடி பெரிது.

இதற்கு அகராதி வாங்கத் தேவையில்லை. பாடப்புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் படியுங்கள். பாடமும் எடுத்துக்காட்டும் எண்களும் ஒன்றே என்பதால், தமிழில் புரிந்த கணக்கு ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிக்கு வரி பார்க்கலாம். ஒரு நோட்டில் சொற்களை இரண்டு பக்கமாக எழுதி வாருங்கள்.

கலைச்சொற்களைவிட ஆபத்தானவை சின்னச் சின்ன வார்த்தைகள். 'அட் லீஸ்ட்' என்றால் குறைந்தது, 'அட் மோஸ்ட்' என்றால் அதிகபட்சம். 'ஆஃப்' என்பதற்கும் 'பை' என்பதற்கும் உள்ள வித்தியாசம், '20%-ஆகக் குறைந்தது', '20% குறைந்தது' என்பதன் வித்தியாசம், இவை கேள்வியையே மாற்றிவிடும். இவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

அடிக்கடி பரிந்துரைக்கப்படும் புத்தகங்கள்: எது யாருக்கு?

ஆர்.எஸ். அகர்வால் எழுதிய 'குவான்டிடேட்டிவ் ஆப்டிடியூட்', எஸ். சந்த் வெளியீடு. வங்கி, எஸ்எஸ்சி தேர்வு எழுதுபவர்கள் பலர் வீட்டில் இருக்கும் புத்தகம். ஒவ்வொரு பாடத்திலும் சூத்திரம், தீர்த்துக் காட்டிய கணக்கு, பிறகு ஏராளமான பயிற்சிக் கணக்குகள் என்று போகும். சதவீதம், விகிதம், வேலை, வேகம் போன்ற அரித்மெடிக் பகுதிக்கு நல்ல அடித்தளம். டான்செட், சிமேட் எழுதுபவர்களுக்குப் பயன்படும். கேட் தேர்வின் அல்ஜீப்ரா, ஃபங்ஷன், அசமன்பாடு வகைக் கேள்விகளுக்கு இது மட்டும் போதாது.

அருண் சர்மா எழுதிய கேட் கணக்குப் புத்தகம், மெக்ரா ஹில் வெளியீடு. கணக்குகளை மூன்று கடின நிலைகளாகப் பிரித்திருப்பது இதன் சிறப்பு. முதல் நிலையில் தடுமாறுபவர் மூன்றாம் நிலைக்குப் போகாமல் நிற்கலாம். அடிப்படை ஏற்கனவே தெரிந்தவருக்கு ஏற்றது. முதல் முறையாகக் கணக்கைத் தொடுபவர் இதில் தொடங்கினால் சோர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

சர்வேஷ் வர்மா எழுதிய 'குவான்டம் கேட்', அரிஹந்த் வெளியீடு. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் புத்தகம். விளக்கங்களும் கணக்குகளும் நிறைய. கோச்சிங் இல்லாமல் தனியாகப் படிப்பவருக்கு விளக்கம் உதவும். ஆனால் முழுவதையும் முடிக்க நினைத்தால் நேரம் போதாது. பாடம் பாடமாகத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும்.

கடைசி இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் வாங்குவது வீண் செலவு. இரண்டிலும் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

கேட் எழுதுபவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்கலாம். சமீப ஆண்டுத் தாள்களில் கணக்குப் பகுதியின் பாதிக்கு மேல் அரித்மெடிக்கும் அல்ஜீப்ராவும்தான். 22 கேள்விகளில் பாதிக்கு மேல் பிழையில்லாமல் செய்தவர்கள் மிக உயர்ந்த பர்சென்டைல் பெற்றிருக்கிறார்கள். 95 பர்சென்டைல் என்றால் 95 மதிப்பெண் அல்ல. தேர்வு எழுதியவர்களில் 95 சதவீதம் பேருக்கு இணையாகவோ மேலாகவோ இருக்கிறீர்கள் என்று பொருள். ஆகவே புத்தகத்தின் மிகக் கடினமான கணக்குகளைத் துரத்துவதைவிட, நடுத்தரக் கணக்குகளைத் தவறாமல் செய்வதே லாபம்.

டான்செட் எழுதுபவர்களுக்கு: டேட்டா சஃபிஷியன்சி இருக்கா பாருங்க

இது பள்ளியிலோ கல்லூரியிலோ பழகாத கேள்வி வகை. விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லாது. கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும். ஒரு எடுத்துக்காட்டு:

கேள்வி: அந்த எண் என்ன?
தகவல் 1: அதன் வர்க்கம் 49.
தகவல் 2: அது பூஜ்யத்தைவிடப் பெரியது.

தகவல் 1 மட்டும் போதும், விடை 7 என்று அவசரமாகக் குறித்தால் தவறு. மைனஸ் 7-இன் வர்க்கமும் 49தான். தகவல் 2 மட்டும் இருந்தால் எந்த எண்ணாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் போதும். இந்தப் பகுதிக்கு வேண்டியது கணக்குத் திறமையோடு நிதானமும்.

எனவே டான்செட்டுக்கு வாங்கும் புத்தகத்தின் பொருளடக்கத்தில் இந்தப் பகுதி தனியாக இருக்கிறதா, விடைக்குக் காரணம் விளக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செலவில்லாத ஒரு வழி உண்டு. வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கான ஜிமேட் தேர்வின் பழைய வழிகாட்டிகளில் இந்த வகைக் கேள்விகள் நிறைய இருக்கும். ஜிமேட் 2023 நவம்பரில் புதிய வடிவத்துக்கு மாறியது. கணக்குப் பகுதியில் இருந்து ஜியோமெட்ரி நீக்கப்பட்டது, டேட்டா சஃபிஷியன்சி வேறு பகுதிக்குப் போனது. அதனால் பழைய ஜிமேட் புத்தகம் ஜிமேட் எழுதுபவருக்குப் பொருந்தாது. அதுவே கல்லூரி நூலகத்தில் தூசி படிந்து கிடந்தால், டான்செட் எழுதுபவருக்கு நல்ல பயிற்சி.

வாங்கும் முன் 5 நிமிடச் சோதனை

கூடலூரிலோ ஊட்டியிலோ கடையில் நின்று பார்த்தாலும் சரி, ஆன்லைனில் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தாலும் சரி, இந்த ஐந்தையும் சரிபார்க்கவும்.

1. பதிப்பு எந்த ஆண்டு? கேட் மாதிரித் தேர்வில் 60 நிமிடத்தில் 34 கணக்கு என்று இருந்தால் அது 2019 வரையிலான பழைய வடிவம். அரித்மெடிக் பாடங்கள் மாறாது, படிக்கலாம். அதில் உள்ள மாதிரித் தேர்வை மட்டும் நம்ப வேண்டாம்.

2. விடை மட்டுமா, வழியும் இருக்கிறதா? பின்பக்கத்தில் '1-ஆ, 2-இ' என்று மட்டும் இருந்தால் தனியாகப் படிப்பவருக்குப் பயனில்லை. சந்தேகம் கேட்க ஆள் இல்லாத ஊரில் புத்தகம்தான் வாத்தியார்.

3. தெரிந்த பாடத்தில் ஒரு கணக்கு, தெரியாத பாடத்தில் ஒரு கணக்கு. தீர்த்துக் காட்டிய இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள். தெரியாத பாடத்தின் விளக்கம் இரண்டு முறை படித்ததும் புரிகிறதா? புரிந்தால் அது உங்கள் புத்தகம். இல்லையென்றால், எத்தனை பேர் பாராட்டியிருந்தாலும் இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல.

4. டைப் செய்யும் கேள்விகள் இருக்கின்றனவா? கேட் எழுதுபவர்களுக்கு முக்கியம். நான்கு விடைகளை வைத்துப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் பழக்கம் மட்டும் இருந்தால் இந்தக் கேள்விகளில் கை நின்றுவிடும்.

5. வெறும் 'ஷார்ட்கட்' புத்தகமா? காரணம் சொல்லாத சூத்திரங்கள் மட்டுமே நிறைந்த புத்தகம் வேண்டாம். கேள்வியை லேசாக மாற்றினால் ஷார்ட்கட் உடைந்துவிடும். மேலே பார்த்த பஸ் கணக்கில் ஏறும் தூரமும் இறங்கும் தூரமும் வேறு வேறு என்றால், மனப்பாடம் செய்த சூத்திரம் தவறான விடை தரும். மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது எப்போதும் சரியாக வரும்.

பழைய புத்தகம், பிடிஎஃப்: வாங்கலாமா?

சீனியர் அண்ணன், அக்கா பயன்படுத்திய புத்தகத்தைத் தாராளமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: விடைகள் பென்சிலில் குறிக்கப்பட்டிருந்தால் அழித்துவிடுங்கள். விடை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அது பயிற்சி ஆகாது.

டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன் பிடிஎஃப்கள் வேறு விஷயம். அனுமதியில்லாமல் பகிரப்படுபவை என்பது ஒருபுறம். பதிப்பு எது என்று தெரியாது, பக்கங்கள் விட்டுப்போயிருக்கலாம், போன் திரையில் கணக்குப் போடுவதும் சிரமம். அதற்குப் பதில் கூடலூர் அரசு கலை, அறிவியல் கல்லூரி போன்ற உங்கள் கல்லூரி நூலகத்திலும், அருகில் உள்ள அரசுப் பொது நூலகத்திலும் முதலில் தேடுங்கள். ஒரு வாரம் நூலகப் பிரதியைப் படித்த பிறகு வாங்கலாமா என்று முடிவெடுப்பது நல்லது.

கேட் தேர்வுக்கான அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு ஐஐஎம் இணையதளத்தில் இலவசமாக வெளியிடப்படுகிறது. எந்தப் புத்தகம் வைத்திருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். திரையில் கணக்கைப் படித்து, பேப்பரில் போட்டு, மறுபடி திரையில் குறிப்பது தனிப் பழக்கம். டான்செட்டுக்கு இதற்கு நேர்மாறாக, ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் நேரத்தையும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும்.

எத்தனை புத்தகம் வேண்டும்?

அடிப்படைக்கு ஒன்று, தேர்வு நிலைக்கு ஒன்று, பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்று. பாடப்புத்தகம் இலவசம் என்பதால், பலருக்கு வாங்க வேண்டியது இரண்டுதான்.

நவம்பரில் கேட், அடுத்த ஆண்டு டான்செட் என்று இரண்டையும் எழுதத் திட்டமிட்டால் தனித்தனிப் புத்தகக் கட்டு தேவையில்லை. அரித்மெடிக்கும் அல்ஜீப்ராவும் இரண்டுக்கும் பொது. கேட் முடிந்த பிறகு கிடைக்கும் மாதங்களில் டேட்டா சஃபிஷியன்சியையும் 72 விநாடி வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

புத்தகத்தோடு ஒரு 40 பக்க நோட்டும் வேண்டும். தவறாகப் போட்ட ஒவ்வொரு கணக்கையும் அதில் எழுதி, பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் குறிக்க வேண்டும். சூத்திரம் தெரியலையா, கேள்வி புரியலையா, கூட்டல் பிழையா, நேரம் போதலையா? மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எந்தக் காரணம் அதிகம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கேள்வி புரியாததுதான் காரணம் என்றால் புதுக் கணக்குப் புத்தகம் வாங்கிப் பயனில்லை. ஆங்கிலப் பதிப்புப் பாடப்புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். சூத்திரம் தெரியாததுதான் காரணம் என்றால் அடிப்படைப் புத்தகம்.

புத்தகத்தை எப்போது மாற்றலாம்?

ஒரு பாடத்தின் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்த பிறகும் அதன் எளிய பயிற்சியில் பத்தில் நான்கு கூட வரவில்லை என்றால் புத்தகம் உங்கள் நிலைக்கு மேலே இருக்கிறது. ஒரு படி இறங்குங்கள். பத்தில் ஒன்பது சுலபமாக வருகிறது என்றால் ஒரு படி ஏறுங்கள். நண்பர் வேறு புத்தகம் வைத்திருக்கிறார் என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணம் ஆகாது.

நெல்லியாளத்துக்கு மிக அருகில் உள்ள ஐஐஎம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில் இருக்கிறது. 2025 கேட் தேர்வை நடத்தியதும் அதுதான். அங்கே போட்டி போடுபவர் கையில் இருக்கும் புத்தகமும் மலையில் இருப்பவர் கையில் இருக்கும் புத்தகமும் ஒன்றாகவே இருக்கலாம். அந்தப் புத்தகம் தன் நிலைக்கு ஏற்றதா என்று பார்த்து எடுத்தவருக்கும், எடுத்ததை முடித்தவருக்கும்தான் அது பலன் தரும். இன்று எதுவும் வாங்க வேண்டாம். மேலே உள்ள ஆறு கணக்குகளைப் போட்டுப் பாருங்கள், எந்தப் புத்தகம் என்று அதுவே சொல்லிவிடும்.